கதவை அளக்காத டெய்லர்

— இன்னும் கொஞ்சம் முக்கித் தள்ளு, டெய்லர். கதவுக்கு இரக்கம் வந்து தானா விரிஞ்சு குடுக்கும்.

— சுவருக்கு மேல தலையை நீட்டி அடுத்தவன் பக்கம் எட்டிப் பாக்குறியே மேஸ்திரி, வெக்கமா இல்ல?

— நான் நிக்கிறது என் பக்கத்துல, என் பீப்பா மேல. கொட்டகையைத்தான் பாகம் பிரிச்சோம், கண்ணுக்கு யாரும் பாகம் பிரிக்கல. எவ்வளவு இடிக்குது?

— ஒரு சாண்.

— ஒரு சாண்! ஊர்ல இருக்கிறவன் இடுப்பு, கழுத்து, அக்குள் ஒண்ணு விடாம அளக்குறே. குளிக்கப் போறப்பக்கூட கழுத்துல டேப்பு தொங்குது. சொந்தக் கதவை அளக்கணும்னு ஒரு நாளாவது தோணுச்சா?

— வண்டி செய்யறவன் வண்டியைத்தான் பாப்பான். கதவைப் பாக்க நான் என்ன வாட்ச்மேனா?

— இது வண்டியா? பழைய பைக் எஞ்சின், கட்டில் பைப்பு, ஸ்கூட்டர் ஸ்பிரிங்கு. நாலு சக்கரமும் நாலு வீட்டுப் பிள்ளைங்க மாதிரி ஒண்ணுக்கொண்ணு முறைச்சுக்கிட்டு நிக்குது. இது வண்டின்னா எங்க கலவை மெஷினும் கார்தான்.

— இதுக்குப் பேரு பக்கி. மணல், மேடு, கல்லு, சகதி எதுலயும் போகும்.

— எல்லாத்துலயும் போகும். வாசப்படியை மட்டும் தாண்டாது.

— சிரி, நல்லா சிரி. பீப்பா சறுக்கினா நானும் கொஞ்சம் சிரிச்சுக்கிறேன்.

— சக்கரத்தைக் கழட்டிப் பாத்தியா?

— பாத்தாச்சு. சக்கரம் இல்லாமலே அச்சு இடிக்குது.

— ஒருக்களிச்சு சாய்ச்சு?

— அதுவும் பாத்தாச்சு. மேல கூண்டு இடிக்குது. எல்லாம் உன்னாலதான்!

— நான் எறங்கி வந்து இழுத்துப் பிடிச்சேனா?

— நீ வாயாலயே செஞ்சே. நான் முதல்ல போட்ட அச்சு இந்தக் கதவுல வழுக்கிக்கிட்டுப் போயிருக்கும். நீதான் பீப்பா மேல ஏறி, “என்னடா இது, கொடிக்கம்புக்குக் கால் வச்ச மாதிரி? முதல் திருப்பத்துலயே கவுந்து கிடப்பே”ன்னே. எனக்குச் சோறு எறங்கல. மொத்தத்தையும் அறுத்து அகலமாக்கினேன்.

— கவுந்துதானே இருப்பே? பொய்யா சொன்னேன்?

— அப்புறம் கூண்டு. “உருண்டா உன் மண்டை சட்னிதான், ஒசத்துடா”ன்னே. அதையும் வெட்டி ஒசத்தினேன். பிரேக் பத்தலைன்னே, அதை மாத்தினேன். சங்கிலி தளர்ந்திருக்குன்னே, பல்சக்கரத்தைத் தள்ளிப் போட்டேன்.

— என் பேச்சைக் கேட்டு நீ எந்தக் காலத்துலடா ஒரு காரியம் செஞ்சே? “நானும் அவனும் பேசிக்கிறதில்ல”ன்னு பாக்குறவன்கிட்டல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சியே!

— இப்பவும் பேசல. நீ திட்டுறே, நான் திருப்பித் திட்டுறேன். அது பேச்சுல சேராது.

— அப்போ இன்னும் கொஞ்சம் திட்டுறேன், கேட்டுக்கோ. அந்த விளக்கு தாங்கியில இருக்கிறது வெல்டிங்கா, இல்ல எவனாவது வெத்தலை போட்டுத் துப்பினதா? இங்க ஒரு பொட்டு, அங்க ஒரு பொட்டு.

— அது கச்சா தையல் மாதிரி. உனக்கெங்க புரியப் போகுது? துணியை முதல்ல பெரிய பெரிய தையலாப் போட்டுப் பிடிச்சு வெப்போம். போட்டுப் பாத்து சரியில்லன்னா, ஒரே இழுப்பு, முழுசாப் பிரிஞ்சு வந்துடும். பிரிக்கறதுக்குன்னே போடுற தையல் அது. மத்த இடமெல்லாம் கெட்டியா ஓட்டியாச்சு, கண்ணைத் தொடச்சிட்டுப் பாரு.

— இரும்புலயும் தையல் வேலைதானா! பட்டன் வெக்கலையா?

— என் வேலையைக் கிண்டல் பண்ற மூஞ்சி, தான் கட்டின சுவரைப் பாக்கட்டும். நடுவுல மேலேருந்து கீழ வரைக்கும் ரெண்டு விரிசல். பூச்சு மாவு மாதிரி கொட்டுது. ஊருக்கெல்லாம் வீடு கட்டுற மேஸ்திரியோட லட்சணம் இது. நூல் பிடிச்சுக் கட்டினியா, இல்ல கண்ணை மூடிக்கிட்டுக் கட்டினியா?

— உனக்குக் கட்டின சுவருக்கு அது போதும்.

— இந்த அழகுல அதுக்கு ராஜமரியாதை வேற. ஒரு அலமாரி மாட்டலாம்னு ஆணியும் சுத்தியுமா போனேன், கொலை விழுந்த மாதிரி கத்தினே. நாலு பைப்பைச் சாய்ச்சு வெச்சதுக்கு, “என் சுவர், தொடாதே”ன்னு அரை நாள் ரகளை. தங்கத்துல கட்டின மாதிரி!

— என் சுவர்தான். செங்கல் என்னுது, கை என்னுது. கேட்டது மட்டும் நீ.

— நான் கேட்டேனா? அப்பா போன கையோட, “உன் துருப்பிடிச்ச குப்பையெல்லாம் என் சிமெண்ட் மூட்டை மேல கிடக்கு, எடுத்துத் தொலை”ன்னு அண்ணி முன்னாடி கத்தினது யாரு? அந்தக் கோவத்துல, “அப்போ நடுவுல ஒரு சுவரை வெச்சுடு”ன்னு சொன்னேன். ஒருத்தன் கோவத்துல சொன்னா, மறுநாள் விடியறதுக்குள்ள செங்கல் எறக்கிடுவியா?

— என் மூஞ்சியைப் பாத்துச் சொன்னேல்ல? அதான் எறக்கினேன்.

— எறக்கினதோட விட்டியா? லாரியே நுழையற ஷட்டர் உன் பக்கம். எனக்கு எலி வளை மாதிரி ஒரு கதவு.

— தைக்க வெளிச்சம் வேணும், ஜன்னல் பக்கம் எனக்குன்னு நீதான் அடம் பிடிச்சே. இப்போ அந்த ஜன்னல் வழியா வண்டியைத் தூக்கிப் போடு.

— நக்கல் பண்ணினது போதும். சாயங்காலம் பழைய இரும்புக்காரர் வர்றார்.

— எதுக்கு?

— என் வீட்டுக்காரி சொல்லிட்டா. இன்னிக்குள்ள வெளிய போய் ஓடினா வண்டி, உள்ளயே கிடந்தா இரும்பு. இந்த இடத்துல அவளுக்கு ரெண்டு தையல் மெஷின் போடணுமாம்.

— உன் வீட்டுல ஒருத்தருக்காவது மூளை இருக்கே.

— இருக்கட்டும். ஆனா ஒண்ணு சொல்றேன் மேஸ்திரி. இது இரும்புக்குப் போச்சுன்னா நான் இனிமே எதையும் செய்ய மாட்டேன். காலையில ஜிப்பு மாத்தி, மத்தியானம் பாவாடைக்கு நாடா கோத்து, சாயங்காலம் எவனோட கால்சட்டையவோ இறக்கி ஏத்தி, அப்படியே குனிஞ்ச வாக்குல ஒரு நாள் போய்ச் சேந்துடுவேன். கடையை மூடிட்டு வந்து இதுகிட்ட நிக்கறப்பதான் எனக்கு உயிரே இருக்குது.

— ஒப்பாரி வைக்காதே, சகிக்கல. ஆமா, ரெண்டு சீட்டு எதுக்கு? உன்கூட எவன் உட்காருவான்?

— மண் மூட்டை வெப்பேன். நிதானத்துக்கு.

— மண் மூட்டைக்கா இவ்வளவு நறுவிசா ஓரம் மடிச்சுத் தைச்சிருக்கே? இத்தனை அகலம் வேற. எந்த யானைக்கு?

— ஒரு யானை இருக்கு. அளவு எனக்கு மனப்பாடம், டேப்பு வேண்டாம். இப்போ எவன்கிட்டயோ தைச்சு, தோள் ரெண்டும் தொங்குற சட்டையில திரியுது.

— இது ரெடிமேட்.

— பாத்தாலே தெரியுது, கண்றாவி.

— சட்டையை விடு. கதவு மேல ஏன் கையை வெச்சு அளந்துக்கிட்டிருக்கே? இப்போ அளந்து என்ன கிழிக்கப் போறே?

— இரு. இந்த நிலையை வெச்சதே நீதானே? அப்பா இருக்கறப்போ?

— நான்தான்.

— அப்போ அகலமாக்கச் சொன்னப்பவே இந்தக் கதவு எவ்வளவுன்னு உனக்குத் தெரியும்.

— நூல் அளவு பிசகாமத் தெரியும்.

— கூண்டை ஒசத்தச் சொன்னப்பவும்?

— அப்பவும்.

— வேணும்னே செஞ்சியா?

— பின்ன? வேலை வெட்டி இல்லாமலா இத்தனை நாள் பீப்பா மேல நின்னேன்? முட்டி ரெண்டும் விட்டுப் போச்சு.

— பாவி! திட்டு வாங்கிக்கிட்டே ஒவ்வொண்ணா அறுத்து அறுத்து மாத்தினேனே. வாய்தான் விஷம், சொல்றது சரியாத்தான் இருக்கும்னு நம்பினேனே. என் வண்டி தராசுல ஏறறதைப் பாக்கத்தான் இதெல்லாம் செஞ்சியா, அண்ணே?

— என்ன சொன்னே?

— ஒண்ணும் சொல்லல.

— சொன்னே. எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. சரி, மூக்கைச் சிந்திட்டு ஹெல்மெட்டை மாட்டு.

— எதுக்கு? எங்க போறே? அது என்ன சத்தம்?

— ஷட்டரைத் தூக்கறேன். துருப்பிடிச்சுக் கிடக்கு சனியன். பீப்பாவையும் நகர்த்தியாச்சு. வண்டியை ஸ்டார்ட் பண்ணி, முதல் கியர்ல, மூக்கை என் பக்கம் திருப்பு.

— உன் பக்கமா? நடுவுல சுவர் நிக்குதே, கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு?

— அந்த ரெண்டு விரிசலுக்கு நடுவுல வெச்சு முட்டு. உன் அச்சுக்கு ரெண்டு பக்கமும் அரைச் சாண் மிச்சம் இருக்கும். பயமா இருந்தா கண்ணை மூடிக்கோ.

— விளையாடறியா? சுவருண்ணே அது! நீயே உன் கையால கட்டின சுவரு!

— கட்டினவனுக்குத் தெரியாதாடா முட்டாள்? அந்த நடுவுல ஒரு கரண்டி சிமெண்ட்கூடப் போடல, வெறும் கல்லா அடுக்கி மேல பூசி வெச்சேன், செங்கல் எறக்கின அன்னிக்கே; நீதானே சொன்னே, பிரிக்கறதுக்குன்னே போடுற தையல்னு ஒண்ணு இருக்குன்னு.