காலியாகத் திரும்பிய குளிர்ப்பெட்டி

அவைக்குத் தலைமை ஏற்று, என் முன்கோபத்தைப் பன்னிரண்டு ஆண்டுகள் பொறுத்தருளிய ஆய்வுக்கூடத் தலைவர் எண்டாங் ஐயா அவர்களே! நுண்ணோக்கிக்கே கண்ணொளியைக் காணிக்கையாக்கிய மூத்த அறிவியலாளர்களே! பண்டுங் மலைக்குளிரையும் பொருட்படுத்தாமல் முன்வரிசை பிடித்த தாய்மார்களே! தங்கராங்கிலிருந்து பேருந்து ஏறி வந்து, மூன்றாம் வரிசையில் முக்காட்டுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டிருக்கும் என் இரோ அக்கா! உங்கள் எல்லோர் இல்லத்திலும் இறையமைதி நிறையட்டும்!

நான் ரொக்காயா. நோயாளிகளின் தொண்டையில் எடுத்த சளி மாதிரிகளைக் குழாயில் அடைத்து, உலர்பனி நிரப்பி, குளிர்ப்பெட்டியை மூடி, கடல் கடந்து வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்புகிறவள். என்ன பின்வரிசையில் சிரிப்பு? “பொட்டலம் கட்டுறவளுக்கு மேடையா?” என்றுதானே? கட்டியவளுக்குத்தானே ஐயா தெரியும், எது போனது, எது வந்தது என்று!

பறவைக் காய்ச்சல் வந்த ஆண்டை மறப்போமா? கோழிக்கூண்டுகள் எரிந்ததை மறப்போமா? அந்த ஆண்டில்தான் இரோ அக்காவின் எட்டு வயது மகன் ருஸ்லான் ஐந்தே நாளில் அடங்கிப்போனான். அவன் தொண்டையில் எடுத்த மாதிரியை அனுப்பிய பெட்டியை மூடியது இந்தக் கைதான்.

நாற்பதாம் நாள் தொழுகை முடிந்ததும் அக்கா எங்கள் கூடத்துக்கு வந்தார். கையில் அடுக்குத் தூக்கு. மேல் அடுக்கில் சோறு, நடு அடுக்கில் புளிக் காய்கறிச் சாறு, அடியில் பொரித்த சோயா டெம்பே. “என் புள்ளைக்காக ராவும் பகலும் உழைச்சீங்க, சாப்பிடுங்க” என்றார். எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

தூக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே! காலியாகக் கொடுப்போமா? நம்மில் யாராவது அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே கழுவிக் கொடுத்ததுண்டா? ஒன்றுமில்லாத வீடென்றால்கூட ஒரு சீப்பு வாழைப்பழமாவது வைப்போமே! நான் வாழைக்காய் பொரித்து நிரப்பிக்கொண்டு போனேன். அக்கா திறந்து பார்த்துச் சிரித்தார். பிறகு கேட்டார்.

“ஏண்டி ரொக்காயா, என் சோத்துக்கு நீ பண்டம் போட்டுக் கொண்டாந்துட்ட. என் புள்ளை தொண்டையில இருந்து எடுத்துட்டுப் போனாங்களே, அவங்க என்னடி குடுத்தாங்க? சின்னவ நெங்சிக்காச்சும் ஒரு ஊசி வருமா?”

சபையோரே, எண்ணிப் பாருங்கள். அதுவரை நான் அனுப்பிய பெட்டிகள் எல்லாம் எப்படித் திரும்பின? காலியாக! இன்ன கண்டோம் என்று ஒரு கடிதமுண்டா? எங்கள் ஆட்களின் பெயருண்டா? இல்லை. எண்டாங் ஐயாவிடம் ஓடினேன். ஐயா தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: “ஊசி தயாராகுதும்மா. நம்ம கிருமியில இருந்துதான். ஆனா வசதியான நாடுங்க முன்னாடியே மொத்தத்தையும் பேசி வச்சிருச்சுங்க. நம்ம முறை எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது.”

மறு வாரம் அடுத்த பெட்டி. உலர்பனி புகைகிறது. குழாய்கள் நிற்கின்றன. நான் மூடியைத் தொடவில்லை.

“மூடும்மா, விமானம் போயிடும்.”

“மூட மாட்டேன் ஐயா.”

“வெளிநாட்டுல இருந்து போன் மேல போன். நோய் காத்திருக்காதாம். அனுப்பலைன்னா உலகத்துக்கே ஆபத்துங்கிறாங்க.”

“அந்த உலகத்துல இரோ அக்கா வீடும் இருக்குல்ல ஐயா?”

கைதட்டாதீர்கள், பொறுங்கள்! நான் ஒன்றும் வீராங்கனை இல்லை. அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. அந்தக் குழாயால் எங்கோ ஒரு குழந்தை பிழைக்க வேண்டியிருந்தால்? அந்தப் பாரம் இன்றும் என் நெஞ்சில் உண்டு. ஆனால் விடிந்ததும் எண்டாங் ஐயா என்னைத் திட்டவில்லை. நான் சொன்னதைத் தம் கைப்பட எழுதி, தலைநகருக்கு அனுப்பினார். அங்கே ஏற்கெனவே இதே கேள்வி கொதித்துக்கொண்டிருந்தது. நாடே எழுந்து நின்று கேட்டது: கொடுத்தவனுக்குப் பங்கு எங்கே?

பிச்சை கேட்டோமா? இல்லை! பேரம் பேசினோமா? இல்லை! பங்கு கேட்டோம், பண்போடு கேட்டோம், பணியாமல் கேட்டோம்! பதவியும் படிப்பும் பணமும் ஒருபுறம், நம் நாட்டின் பதினேழாயிரம் தீவுகளின் பிடிவாதம் மறுபுறம்! ஆண்டுக்கணக்கில் பேசிப் பேசி, கிருமியைக் கொடுக்கும் நாட்டுக்கு மருந்திலும் அறிவிலும் பங்குண்டு என்று உலகம் எழுதிக் கையெழுத்திட்டது. நெங்சிக்கு வேண்டிய ஊசி அன்று வரவில்லை. நோய் அவள் பக்கம் திரும்பாதது நம் பாக்கியம். ஆனால் அதன்பின் திரும்பி வந்த முதல் பெட்டியில், நம் பழைய மாதிரிகளில் கண்டதை எழுதிய ஒரு கடிதம் இருந்தது. அக்காவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன்.

“என் புள்ளை பேரு இருக்காடி?”

“பேரு இல்லக்கா, அவன் குழாயோட எண்தான்.”

“எண்ணாச்சும் போட்டாங்களே. அது அவன்தான்னு எனக்குத் தெரியும்” என்றார்.

இன்று நமக்கே தடுப்பூசிக் கூடம்! நம் மண்ணில், நம் கையில்! மார்தட்டிக்கொள்வோம், தவறில்லை. ஆனால் போன வாரம் கடல் தாண்டியிருக்கும் ஒரு சின்ன நாட்டிலிருந்து நமக்கு ஒரு பெட்டி வந்தது. அவர்களிடம் ஆய்வுக்கூடம் இல்லை. நம்மை நம்பி அனுப்பியிருக்கிறார்கள். அங்கேயும் ஒரு தாய் காத்திருப்பாள் அல்லவா?

அந்தப் பெட்டி இதோ, மேடையில். மாதிரியை எடுத்துவிட்டோம். முதற்கட்ட முடிவு எழுதிய கடிதம் வைத்தாயிற்று. சோதனைப் பொருள்கள் வைத்தாயிற்று. மருந்து பிறந்தால் உங்களுக்கும் பங்குண்டு என்று ஐயா கையெழுத்திட்ட தாளும் வைத்தாயிற்று. மூடி மட்டும் திறந்திருக்கிறது.

இரோ அக்கா, எழுந்து வாருங்கள். அன்று நான் ஒரு பெட்டியை மூட மறுத்தேன்; இன்று இந்தப் பெட்டியை நீங்கள் உங்கள் கையால் மூடுங்கள்.

வழிவிடுங்கள், அக்கா வருகிறார்! இத்தனை நேரம் செவிகொடுத்த பெரியோருக்கும் தாய்மாருக்கும் என் நன்றி. நம் சுந்தா மொழியில் நெஞ்சாரச் சொல்கிறேன்: ஹதுர் நுஹுன்! வணங்கி அமர்கிறேன்.