முருகன் படமும் சுடுகாற்றும்

தாமுவேயில் ஏறிய பஸ்ஸில் வெயிலுக்கு எல்லோரும் விசிறிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் முன் இருக்கையில் இருந்த இரண்டு பெண்களில் மூத்தவர் சொன்னார்:

“மக வீட்டுல சாமி படம் வச்சேன், வீடே விறைச்சுப் போச்சு.”

“அமலே!” என்று பர்மியர் போல வியந்தார் இளையவர். “என்னக்கா சொல்றீங்க?”

“வெளிநாட்டுல அவ இருக்கிற குளிர் ஊர்ல வீட்டுக்கு அடியில ஒரு மெஷின். சுடுகாத்து குழாய் வழியா ரூமுக்கெல்லாம் போகும். ஹால் சுவர்ல கீழே ஒரு பெரிய கம்பிவலை. சும்மாதானே கிடக்குன்னு அதை மறைச்சுப் பலகை போட்டு முருகனை வச்சேன்.”

“அதனால என்ன?”

“ஆறின காத்து அந்த வழியாத்தான் மெஷினுக்குத் திரும்பணுமாம். திரும்பலைன்னா சூடாக்கி அனுப்ப அதுக்குக் காத்து ஏது?”

“ரிப்பேர்காரன் வந்து சொன்னானா?”

“இல்ல, மருமகன்தான் குளிர் பொறுக்காம சொல்லிட்டாரு. மகளுக்கு மொதல்லயே தெரியும். ஸ்வெட்டர் மேல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு, ‘குளிரலம்மா’ன்னா.”

பஸ் பசுந்தாங்கில் நின்றது. இளையவர் எழுந்துகொண்டே கேட்டார்:

“ஏன் சொல்லாம இருந்தாளாம்?”

“‘வந்த நாள்ல இருந்து விருந்தாளி மாதிரி ஒரு மூலையிலயே உட்கார்ந்திருந்தே. அன்னைக்குத்தாம்மா உன் வீடு மாதிரி நடந்துக்கிட்டே’ன்னா.”