சரோஜாவின் பிளேன் டிக்கெட்

மாதுங்கா பால் பூத்துக்கு அன்று பால் வண்டி வர நேரமாகிவிட்டது. காலி பாட்டில்களோடு எனக்கு முன்னால் நின்ற மூக்குத்தி மாமி, பக்கத்தில் நின்ற கண்ணாடி மாமியிடம் சொன்னாள்:

"அந்த சரோஜாவுக்காக என் பொண்ணே வீடு வீடாப் போய் டிக்கெட் விக்கறா மாமி. பாக்கப் பாக்க வயிறு எரியறது."

"என்ன டிக்கெட்?"

"கச்சேரி டிக்கெட். சரோஜா காலேஜ் சேர்றதுக்கு முன்னாடி ஒரு வருஷம் அமெரிக்காவுல போய் இருக்கப் போறா. அங்க ஒரு குடும்பம் வெச்சுக்கறதாம். பிளேன் சார்ஜுக்கு எங்க பில்டிங்கே கச்சேரி வெச்சுப் பணம் சேர்க்கறது."

"நல்ல விஷயந்தானே?"

"என்ன நல்ல விஷயம்? இதுக்கு என் பொண்ணும் அவளுமா ரெண்டு பேரும்தான் இன்டர்வியூ போனா. இங்கிலீஷ்ல அவ என் ஜயா கால்தூசி பெறமாட்டா."

"அப்புறம் எப்படி அவளை எடுத்தா?"

மாமி குரலைத் தாழ்த்தினாள். நான் அரை அடி முன்னால் நகர்ந்தேன்.

"மொதல்ல ஜயாவைத்தான் எடுத்தா. லெட்டர் என் கையிலதான் வந்தது. வயசுப் பொண்ணை வேத்து மனுஷாளாத்துல ஒரு வருஷம் விட்டா, நாளைக்கு எவன் பண்ணிப்பான்? அனுப்பறதுக்கில்லைன்னு அவரை விட்டு எழுதிப் போடச் சொல்லிட்டேன். அந்த எடந்தான் சரோஜாவுக்குப் போச்சு."

"ஜயாவுக்குத் தெரியுமா?"

"தான் தேறலைன்னு நெனைச்சுண்டிருக்கா. 'அவளாவது போகட்டும்மா'ங்கறா."

வண்டி வந்தது, வரிசை நகர்ந்தது. மாமி பாட்டில் பைக்குள் கையை விட்டு ஒரு டிக்கெட் புத்தகத்தை எடுத்தாள்.

"ரெண்டு ரூபாய்தான். உங்களுக்கு எத்தனை கிழிக்கட்டும்? ஜயாதான் வித்துண்டு வரச் சொல்லிக் குடுத்து அனுப்பியிருக்கா."