தீக்குச்சி காட்டிப் பார்த்த மலேசிய ரிங்கிட்

13-05-2025 செவ்வாய்க்கிழமை மாலை 3.30 மணிக்குக் காவல் நிலையத்தில் உதவி ஆய்வாளர் அய்யா முன்பாக ஆஜராகி, அவர் விசாரிக்க நான் சொல்லி எழுதப்பட்ட வாக்குமூலம்.

பெயர் செல்லக்கிளி. வயது 51. க/பெ காலஞ்சென்ற நெடுமாறன். மந்தாரக்குப்பம் கடைவீதியில் கடையும் அதன் மாடியில் குடியிருப்பும். சொந்த ஊர் கம்மாபுரம் பக்கம். பெற்றோர் கூலி வேலை. படிப்பு எட்டாம் வகுப்பு. என் பேரில் இதற்கு முன் எந்த வழக்கும் கிடையாது.

நான் மேற்படி விலாசத்தில் சேஃப்டி ஷூ, ஹெல்மெட், கையுறை, மழைக்கோட்டு ஆகியவை விற்கும் கடை நடத்தி வருகிறேன். நிலக்கரி மைன்ஸ் கேட் ஓரம் சாக்கு விரித்து, ஷிப்ட் மாறுகிற நேரத்தில் கையுறை விற்று ஆரம்பித்த வியாபாரம். இந்தக் கடைக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. என்னிடம் சரக்கு எடுப்பவர்களில் பெரும்பாலோர் காண்ட்ராக்ட் ஆட்கள். இத்தனை வருடத்தில் பொங்கலுக்கும் சாவுக்கும் தவிர நான் கடையை மூடியதில்லை. இப்போது ஆறு நாள் மூடுகிறேன். அதற்கு ஒரு போர்டும் எழுதி வைத்துவிட்டேன். "கடை விடுமுறை. முதலாளி மலேசியா பயணம்" என்று பெயின்டர் எழுதினார். முதலாளி என்பதைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடச் சொன்னது நான்.

நானும், பழக்கடை வைத்திருக்கும் மாணிக்கம்மாளும், தையல் கடை தனபாக்கியமும் வருகிற வியாழக்கிழமை காலை திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்குப் போவதாக டிக்கெட் எடுத்திருக்கிறோம். மூன்று பேருமே விமானம் ஏறியதில்லை. மாணிக்கம்மாளுக்குப் பத்துமலை முருகனைப் பார்க்க வேண்டும். எனக்கு அந்த இரட்டைக் கோபுரத்தின் மேல் ஏற வேண்டும், அப்புறம் அங்கே ஷூ என்ன விலைக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும். தனபாக்கியம் எங்கே கூப்பிட்டாலும் வருவாள். ஒரு மாதமாக எங்களுக்கு வேறு பேச்சே கிடையாது.

அங்கே செலவுக்கான பணத்தை மாற்றும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். முதலில் டாலராக மாற்றிக்கொண்டு போய் அங்கே ரிங்கிட்டாக மாற்றலாம் என்று தனபாக்கியம் சொன்னாள். இரண்டு தடவை மாற்றினால் இரண்டு தடவை நஷ்டம் என்று நான் வேண்டாம் என்றேன். அதன் பிறகு கார்டு வாங்கலாம் என்று பேச்சு வந்தது. கையில் தொட்டுப் பார்க்காத பணத்தை நம்பி நாங்கள் ஊர் விட்டு ஊர் போனதில்லை என்பதால் அதையும் விட்டோம். அதன் பிறகு நான் நான்கு இடத்தில் விலை கேட்டேன். பேங்க்கில் ஒரு ரிங்கிட் இருபத்தொரு ரூபாயைத் தாண்டியது. ஏர்போர்ட்டில் அதற்கும் மேல் என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள். கடைவீதியிலேயே ஒருவர் பில் இல்லாமல் பத்தொன்பதரைக்குத் தருவதாகச் சொன்னார். பில் இல்லாத சரக்கை நான் கடைக்குள் விடுவதில்லை. கடலூரில் உள்ள ஒரு பணம் மாற்றும் கம்பெனியில் இருபது ரூபாய் நாற்பது பைசா சொன்னார்கள். பாஸ்போர்ட் நகலும் பான் கார்டும் வாங்கிக்கொண்டு, பில்லுடன் கடைக்கே கொண்டுவந்து தருவார்கள் என்றும் சொன்னார்கள். பத்து பைசா குறைக்கச் சொன்னேன். குறைத்தார்கள். ஆளுக்கு எண்ணூறு ரிங்கிட் என்று முடிவானது.

அப்போது நான் ஒரு காரியம் செய்தேன். கம்பெனிக்காரர்கள் எல்லாமே ஐம்பது ரிங்கிட் நோட்டாகத் தருவதாகச் சொன்னார்கள். பெரிய நோட்டை நீட்டினால் மீதி கொடுக்கிறவன் கை எந்த ஊரிலும் கொஞ்சம் மடங்கும் என்பது என் அனுபவம். அதனால் பாதியை ஐந்தும் ஒன்றுமாகச் சில்லறையாகத்தான் தர வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டேன். அவ்வளவு சில்லறை கைவசம் இல்லை, வரவழைக்க வேண்டும் என்று சனிக்கிழமை வரவேண்டிய பணத்தை இன்றைக்குத் தள்ளிப் போட்டார்கள். நான் ஐம்பதாகவே வாங்கியிருந்தால் இன்று இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

இன்று காலை பதினொன்றே கால் மணிக்கு மேற்படி கம்பெனியிலிருந்து அறிவுச்செல்வன் என்பவர், வயது சுமார் 30 இருக்கும், பைக்கில் பணம் கொண்டுவந்தார். நாங்கள் மூவரும் நல்ல புடவை கட்டிக்கொண்டு காத்திருந்தோம். கையெழுத்து வாங்கிக்கொண்டு மூன்று கவர்களைக் கொடுத்தார். என் கவரைப் பிரித்தேன். மேலே ஐம்பது நோட்டுகள், நம் ஊர் நோட்டு மாதிரி காகிதத்தில் நன்றாக இருந்தன. அதற்குக் கீழே இருந்த ஐந்தும் ஒன்றும் வழவழவென்று, விரலில் நிற்காமல் வழுக்கின. தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். நோட்டில் ஓர் இடம் கண்ணாடி போல இருந்தது. அந்த வழியாகத் தனபாக்கியத்தின் முகம் தெரிந்தது. மேலே நல்ல நோட்டை வைத்துக் கீழே வேறு எதையோ அடுக்கித் தருவது பழைய வேலை என்பதால் எனக்கு அப்போதே சந்தேகம் வந்தது.

நான் அறிவுச்செல்வனிடம் கேட்டதற்கு அவர், "அம்மா, அவுங்க ஊர்ல சின்ன நோட்ட பிளாஸ்டிக்லதான் போடுவாங்க. போன்ல தேடிப் பாருங்க" என்றார். டூப்ளிகேட் ஷூ கொண்டுவருகிறவனும் என்னிடம் போனில் தேடிப் பார்க்கத்தான் சொல்வான் என்று நான் பதில் சொன்னேன். தேடியிருந்தால் ஒரு நிமிட வேலை. தேடவில்லை.

அதன் பிறகு நான் கடையில் செய்கிற பரிசோதனையைச் செய்தேன். ஷூ தோலா ரெக்சினா என்று சந்தேகம் வந்தால் உள்பக்க ஓரத்தில் தீக்குச்சி காட்டுவேன். தோல் என்றால் கருகி முடி எரிந்த வாசனை வரும். ரெக்சின் என்றால் சுருண்டு உருகும். இதில் நான் ஒருமுறைகூடத் தவறியதில்லை. ஒரு ரிங்கிட் நோட்டு ஒன்றை எடுத்து, "இது போனா எங்கணக்குல வச்சிக்க" என்று சொல்லிவிட்டு மூலையில் தீக்குச்சி காட்டினேன். நோட்டு சுருண்டு உருகி என் விரலில் ஒட்டியது. வாசனை அப்படியே ரெக்சின் வாசனை. அறிவுச்செல்வன் தலையில் கைவைத்துக்கொண்டார். மாட்டிக்கொண்டதால்தான் தலையில் கைவைக்கிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

அதன் பிறகு அவர் கையிலிருந்த போனைப் பிடுங்கிக்கொண்டு, கவர்களையும் கல்லாப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு, மாணிக்கம்மாளையும் தனபாக்கியத்தையும் வெளியே போகச் சொல்லி, நானும் வெளியே வந்து ஷட்டரை இறக்கிப் பூட்டினேன். அப்போது மணி பதினொன்று நாற்பது. உள்ளே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஷட்டர் வளைந்திருப்பதால் தரைக்கும் அதற்கும் நடுவே ஒரு டம்ளர் நுழையும் அளவு இடைவெளி உண்டு. நாங்கள் மூவரும் ஸ்டூல் போட்டு வெளியே உட்கார்ந்து அந்த இடைவெளி வழியாக அவரை விசாரித்தோம். உடனே போலீசுக்குச் சொல்லாததற்குக் காரணம், பின்னால் இருக்கும் பெரிய கும்பல் யார் என்று தெரிந்துகொண்டு சொன்னால் நன்றாக இருக்கும் என்று நினைத்ததுதான். உண்மையைச் சொல்வதென்றால் எனக்கு அப்போது உற்சாகமாகவே இருந்தது. தெருவில் இருபது பேர் கூடிவிட்டார்கள்.

மாணிக்கம்மாள், "யார்ரா உனுக்கு அச்சடிச்சுக் குடுக்குறது? சொல்லிட்டின்னா வுட்டுருவோம்" என்று கேட்டாள். அவர் உள்ளேயிருந்து, "மலேசியா கவர்மென்ட்டுங்க" என்றார். கூட்டம் சிரித்தது. எனக்குக் கோபம் வந்தாலும், வெயில் நேரம் என்பதால் ஒரு டீ வாங்கி இடைவெளி வழியாகத் தள்ளினேன். அவர் குடித்துவிட்டு டம்ளரைத் திரும்பத் தள்ளினார்.

இதற்கிடையில் என் கையிலிருந்த அவருடைய போன் ஐந்தாறு முறை அடித்தது. கடைசியில் எடுத்தேன். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் இருக்கும் சுப்புலட்சுமி என்ற அம்மா பேசினார். ஆஸ்திரேலியாவில் மகளைப் பார்க்க இன்று மாலையே கிளம்புவதாகவும், தன் பணம் இன்னும் வரவில்லை என்றும் சொன்னார். "உங்க ஆளு கள்ள நோட்டோட மாட்டிக்கினான், இங்க பூட்டி வச்சிருக்கேன், வந்து பாருங்க" என்று கடையின் அடையாளம் சொன்னேன். அதன் பிறகு போலீஸ் நூறுக்கும் நானே போன் செய்து தகவல் சொன்னேன்.

ஜீப் வருவதற்கு முன் சுப்புலட்சுமி அம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். நோட்டை வாங்கிப் பார்த்தார். தன் பர்சிலிருந்து போனமுறை மிஞ்சிய ஐந்து டாலர் நோட்டை எடுத்து என் கையில் வைத்தார். அதுவும் வழவழவென்றுதான் இருந்தது. அதிலும் கண்ணாடி.

"நல்ல நோட்டும்மா இது. என் பொண்ணு இருக்கிற ஊர்ல எல்லா நோட்டும் பிளாஸ்டிக்தான். முதல்ல அந்தத் தம்பிய வெளிய விடுங்க" என்றார்.

நான் அந்த டாலரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தீப்பெட்டி இன்னும் என் இடது கையில் இருந்தது.

"அதைக் கொளுத்தினீங்கன்னா உங்க மேல நானே கேஸ் குடுப்பேன்" என்றார்.

நான் ஷட்டரைத் திறந்தேன். மணி பன்னிரண்டு முப்பத்தைந்து. அறிவுச்செல்வன் வெளியே வந்து என் கையிலிருந்த தன் போனை வாங்கிக்கொண்டார். முதலில் தன் பையிலிருந்து சுப்புலட்சுமி அம்மாவின் கவரை எடுத்துக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். அதற்குள் ஜீப் வந்துவிட்டது. நான் கூப்பிட்ட ஜீப்பில் நானே ஏறினேன்.

நிலையத்திற்கு வந்த பிறகு வராண்டாவில் உட்கார்ந்திருந்தபோது மாணிக்கம்மாள் என் காதருகே வந்து, "ஷட்டர் ஸ்பிரிங்கு போச்சு, தானா எறங்கிக்கிச்சின்னு சொல்லிடுக்கா. நாளான்னிக்கு ஃபிளைட்டு. கேஸ்னு ஒன்னு எழுதிட்டா உன்ன ஏர்போர்ட்லயே நிறுத்திடுவாங்களாம்" என்றாள். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஸ்பிரிங் உண்மையிலேயே பழசு. சொன்னால் நம்புவார்கள்.

அப்போது பக்கத்துப் பெஞ்சில் அறிவுச்செல்வன் தன் கம்பெனி மேனேஜரிடம் பேசிக்கொண்டிருந்தார். போன் சத்தம் எங்களுக்கும் கேட்டது. கள்ள நோட்டு என்று போலீசுக்குத் தகவல் போயிருக்கிறது, ஒரு மணி நேரம் போனை எடுக்கவில்லை, ஒரு நோட்டு சேதம், நடந்தது என்ன என்று போலீஸ் எழுதிய பேப்பர் வரும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று மேனேஜர் சொன்னார். அறிவுச்செல்வன் "சரிங்க சார், சரிங்க சார்" என்று மட்டும் சொன்னார். நீ பர்மனென்ட்டா என்று அவரைக் கேட்டேன். காண்ட்ராக்ட் என்றார். வரவேண்டாம் என்று சொல்லப்பட்டவர்கள் எத்தனை பேர் என் கடைக்கு வந்து, வாங்கிய ஷூவைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். ஸ்பிரிங் போய் ஷட்டர் தானாக இறங்கியது என்று நான் சொன்னால், அந்த ஒரு மணி நேரம் இவர் எங்கே போனார், ஏன் போனை எடுக்கவில்லை என்பதற்கு இவர் கையில் பதில் இருக்காது.

ஆகவே அய்யா அவர்கள் இதை நான் சொல்கிறபடியே எழுதக் கேட்டுக்கொள்கிறேன். ஷட்டர் தானாக இறங்கவில்லை. இறக்கியதும் பூட்டியதும் நான். போனைப் பிடுங்கியது நான். நோட்டைக் கொளுத்தியது நான். அறிவுச்செல்வன் கொண்டுவந்த நோட்டு அத்தனையும் நல்ல நோட்டு, பில்லும் சரி, அவர் பேச்சும் முதலிலிருந்தே சரி. தாமதம் முழுக்க என்னால் வந்தது. மாணிக்கம்மாளும் தனபாக்கியமும் நான் சொன்னதால் வெளியே வந்தவர்கள். அவர்கள் பெயரை வழக்கில் சேர்க்க வேண்டாம். வழக்கு என்று வந்தால் என் ஒருத்தி மேல் போடுங்கள். அவர்கள் இருவரையும் வியாழக்கிழமை போகவிடுங்கள். என் கவரை அவர்கள் கையில் கொடுத்துவிட்டேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது வாசலில் நின்ற அறிவுச்செல்வன் உள்ளே வந்து, "எனக்கு இந்தப் பேப்பர்ல ஒரு காப்பி போதுங்க சார், கேஸ் வேணாம்" என்றார். அதையும் இதில் எழுதச் சொன்னேன். அது அவருடைய வாக்குமூலத்தில் வரும் என்று அய்யா சொன்னார். காப்பி எடுக்கும் செலவை நான் கொடுத்துவிட்டேன்.

நான் சொன்ன வார்த்தை மாறாமல் எழுதப்பட்டிருக்கிறது. மூன்று இடத்தில் நிறுத்தச் சொல்லித் திரும்பப் படிக்கக் கேட்டேன். யாரும் சொல்லிக்கொடுத்து நான் பேசவில்லை, யாரும் மிரட்டவும் இல்லை. எப்போது கூப்பிட்டாலும் வருவேன். வியாழன் முதல் அடுத்த செவ்வாய் வரை மட்டும் அய்யா அவர்கள் விட்டுக்கொடுத்தால், புதன்கிழமை காலை கடை திறப்பதற்கு முன் இங்கே வந்து நிற்பேன்.

(ஒப்பம்)
நெ. செல்லக்கிளி