செம்புத் தளிர்

காப்பித் தளிரின் நிறத்தைக் காலை வெயிலில்தான் பார்க்க வேண்டும், ஐயா. பொழுது ஏறினால் பச்சையும் செம்பும் ஒன்றுபோலத் தெரியும். போங்கா ஊர்க் காப்பி ஆராய்ச்சித் தோட்டத்தில் என் வேலை அதுதான். காட்டிலிருந்து வரும் செடிகளின் இலையை அளந்து, எது எதிலிருந்து வேறுபடுகிறது என்று பார்ப்பேன். அளந்து முடித்த இலைகளைப் பக்கத்து வீட்டு ஜெனெபெச்சிடம் கொடுத்துவிடுவேன். இஞ்சி, பூண்டு, மிளகாய் இடித்துப் போட்டு இலைக் காப்பி காய்ச்சுவாள். சின்ன உதவிதான். ஆண்டவருக்கு அதுதான் பிடிக்கும்.

அவர்கள் கொல்லையில் ஒரு காப்பி மரம் நின்றது. ஒடுங்கிய இலை, செம்புத் தளிர். காய் கருகும் நோய் வந்த வருஷம் ஊர் முழுக்கக் கறுத்தது. அது மட்டும் சுத்தமாக நின்றது. அப்படி இன்னொன்றைக் காட்டில்கூட நான் பார்த்ததில்லை. ஜெனெபெச்சின் புருஷன் கொச்சிட்டோ அதை வெட்டிவிட்டுத் தைலமரம் வைக்கப்போகிறேன் என்றான்.

"பழம் பழுக்கட்டும் தம்பி. விதை எடுத்துக்கறேன்."

"அண்ணே, நீ இலையையே கட்டிக்கிட்டவன். நான் தைலமரம் வித்துப் பொண்டாட்டிக்குக் கூரை மாத்தணும். வியாழக்கிழமை வெட்டறேன்."

நியாயமான பேச்சு. அவன்மேல் எனக்குக் கோபமே இல்லை.

புதன்கிழமை காலையில் ஒரு கூடை இலை கொடுத்தேன். முந்தின நாள் பூச்சிமருந்து அடித்த பாத்தியில் பறித்தது.

அண்டைவீட்டார் ஒருவராவது வந்து உட்காராமல் எங்கள் பக்கம் இலைக் காப்பி ஊற்ற மாட்டார்கள். நான் போகாவிட்டால் ஜெனெபெச் பிள்ளைக்காரி ஒருத்தியைக் கூப்பிட்டிருப்பாள். அதனால் நானே போனேன்.

"குடிங்கண்ணே, உங்க இலைதானே."

"புதன்கிழமை, தங்கச்சி. விரதம். மத்தியானம் வரைக்கும் தண்ணிகூடக் கிடையாது."

"இந்த மாதிரி ஆளுங்களாலதான் வானம் விழாம நிக்குது," என்று கொச்சிட்டோ சிரித்தான். "என்னடி, இன்னிக்கு ஒரு மாதிரி கசக்குது?"

"உன் வாய் எப்ப இனிச்சுது?" என்று அவள் மிளகாயைக் கூட்டினாள். பிறகு தனக்கும் ஊற்றிக்கொண்டாள். அவளை மட்டும் தடுத்திருந்தால் அவனும் கிண்ணத்தைக் கீழே வைத்திருப்பான்.

ஆஸ்பத்திரிக்கு வண்டி கூப்பிட ஓடியவன் நான்தான். மெதுவாகத்தான் ஓடினேன்.

மரத்தை யாரும் வெட்டவில்லை. பழம் பழுத்து, விதை முளைத்து, கன்றுகளில் பெரும்பாலும் செம்புத் தளிர் வந்திருக்கிறது. அந்த வகைக்கு ஜெனெபெச் என்று பெயர் வைக்கத் தோட்டத்தில் சொல்லியிருக்கிறேன். ஒருவர் செய்த உதவியை மறக்கக் கூடாது, ஐயா.