ஆறு மணிக்குள்ள இரைச்சல் போகணும்

இல்ல சார், ஸ்பீக்கர் மேல சந்தேகமே வேணாம். ஒரு சலூன மூடிட்டுப் போனாங்க, அங்கருந்து ஜோடியா தூக்கிட்டு வந்தது. ஆம்ப்ளிஃபயரும் பழசுதான், ஆனா சளைக்காம உழைக்கும். கோளாறு எல்லாம் லாப்டாப் பக்கம்தான். கொஞ்சம் இப்படித் திரும்பிச் சொல்லுங்க... ஆமா, இரைச்சல்தான். பாட்டுக்கு அடியில ங்ங்ங்னு ஒண்ணு ஓடிட்டே இருக்காம். என் சம்சாரம் சொன்னா.

அவ மருந்துக் கடையில வேல பாக்குறா. ஆறு மணிக்கெல்லாம் வந்துடுவா, அதுக்குள்ள சரியாகணும். மூணு மாசமா இந்த வீட்டுல அவ ஒரு பாட்டு போடல சார். பாட்டு இல்லாம பல்லு கூட விளக்க மாட்டா அவ! ஏன்னு கேட்டா, இரைச்சலா இருக்கு, அப்புறம் பாக்கலாம்ங்குறா. அதான் உங்களக் கூப்பிட்டேன்.

சிரிக்கிறீங்க பாருங்க. தெரியும் சார், இந்த லாப்டாப்பப் பாத்தா அப்படித்தான் இருக்கும். கீல் உடஞ்சு போச்சு, சுவத்துல சாச்சு வெச்சாத்தான் மூடி நிக்கும். இனிமே எதுக்கும் லாயக்கில்லன்னு ஆனப்புறம்தான் இத பாட்டுப் பெட்டியாக்கினோம். நாலாயிரத்துச் சொச்சம் பாட்டு, ரெண்டு பேரும் உக்காந்து ஏத்தினது. ஞாயித்துக்கிழம காலையில ஒரு போட்டி வெப்போம். ஒருத்தர் பாட்டப் போடணும், பாடுறவங்க வாயத் தொறக்குறதுக்குள்ள இன்னொருத்தர் எந்தப் பாட்டுன்னு சொல்லிடணும். சொல்லலன்னா அன்னிக்குப் பாத்திரம் பூரா அவங்கதான் தேய்க்கணும். நான் தேய்ச்ச நாள விரல் விட்டு எண்ணிடலாம் சார். சும்மா சொல்லல, அவளையே கேட்டுப் பாருங்க.

போன வருஷம்தான் வம்பு ஆரம்பிச்சுது. பாட்டுல புல்லாங்குழல் காணாமப் போச்சு. அப்புறம் சலங்கை. வயலின் எங்கயோ போர்வைக்குள்ள உக்காந்து வாசிக்கிற மாதிரி இருந்துது. வாரா வாரம் நானே பாத்திரம் தேய்க்கிறேன், அவளுக்கு ஒரே குஷி. சரி, லாப்டாப் மண்டையப் போடப் போவுதுன்னு நெனச்சேன். இருபத்தாறு வருஷம் தகரப் பட்டறையில பிரஸ் மெஷின் ஓட்டினவன் சார் நான். கோளாறுன்னா மெஷின்லதான் தேடத் தெரியும்.

ஒயர மாத்தினேன். அப்புறம் இதோ, லாப்டாப்ல சொருகியிருக்குற இந்தக் குட்டி சவுண்ட் கார்டு, கட்டவிரல் தண்டிதான். ஹெட்போன் ஓட்டையில எடுக்குறதவிட இதுல சத்தம் சுத்தமா வரும், விலையும் ரெண்டு சினிமா டிக்கெட்டுக்கு மேல போகாது. லாப்டாப்ல வால்யூம முழுசா வெச்சுட்டு ஆம்ப்ளிஃபயர்லதான் கூட்டிக் கொறைக்கணும். ஸ்பீக்கர உக்காந்தா காது எட்டுற உயரத்துக்குத் தூக்கி, சுவத்துலருந்து ஒரு முழம் தள்ளி... பாருங்க, உங்களுக்கே பாடம் எடுக்குறேன்.

எல்லாம் செஞ்சும் குழல் வரல. கீச்சுச் சத்தத்தக் கூட்டுற ட்ரெபிள முழுசா திருப்பினேன். அவ காதப் பொத்திக்கிட்டு, கொறைங்களேன், குத்துதுன்னா. வந்துது பாருங்க எனக்குக் கோவம்! ஒனக்குத்தான்டி காது அவிஞ்சு போச்சுன்னு கத்திட்டேன். மறுநாள் கடைக்கு லீவு சொல்லிட்டு, தனியா காது டாக்டர் கிட்ட போயிருக்கா. என் பேச்ச அவ்வளவு நம்பியிருக்கா சார்.

என்ன சொன்னீங்க? சார்ஜரா? அது சொருகியிருந்தா இரைச்சல் வருமா? பேட்டரியில ஓடினா வராதா? அடப் போங்க சார், இவ்வளவுதானா! பிடுங்குங்க, மொதல்ல பிடுங்குங்க. பேட்டரி ஒரு மணி நேரம் தாங்கும், எங்களுக்கு அது போதும். அப்படியே ஒரு பாட்டப் போட்டுப் பாருங்க.

டாக்டரா? அவ காதுல ஒரு குறையும் இல்லன்னுட்டாராம். உங்களுக்குக் காது கேக்கலன்னு வீட்டுல யாரு சொன்னதுன்னு கேட்டிருக்கார். மூணாவது நாள் சாப்பாடு போட்டுட்டே, நீங்களும் ஒரு தடவ காட்டிட்டு வந்துடலாமேன்னா. சரி, நீங்க பாட்டப் போடுங்க சார், எதுக்கு யோசிக்கிறீங்க?

என்னது, ஓடிட்டிருக்கா? எப்பருந்து?

அப்படிப் பாக்காதீங்க சார். எனக்கு ரெண்டு காதும் கேக்காது. கொஞ்சம் ஒட்டிட்டிருந்ததும் மூணு மாசத்துக்கு முன்னால போயிடுச்சு. காதுல மாட்டுற மெஷினும் வெச்சுப் பாத்தாச்சு, பிரயோஜனமில்ல. நீங்க பேசுறத வாயப் பாத்துத்தான் புரிஞ்சுக்கிறேன். பட்டறைச் சத்தத்துல எல்லாருமே அப்படித்தான் பேசிப்போம், அந்தப் பழக்கம் இப்ப கைகுடுக்குது.

இரைச்சல்லாம் அவளுக்கு ஒரு சாக்கு சார். எனக்குக் கேக்காதத அவ மட்டும் எப்படிக் கேக்குறதுன்னு அடக்கிட்டுக் கெடக்கா. நேத்து அடுப்புகிட்ட நின்னு உதட்ட அசைச்சு என்னமோ பாடிட்டிருந்தா. என்னப் பாத்ததும் திருடி மாதிரி வாய மூடிக்கிட்டா. அத என்னால தாங்க முடியல சார்.

கிளம்பிடாதீங்க, இன்னும் பத்தே நிமிஷம், வந்துடுவா. இரைச்சல் போயிடுச்சுன்னு நான் சொன்னா அவ எப்படி நம்புவா? நீங்களே ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிடுங்க.