சிரிக்காதீங்க விசிலண்ணே

ஹலோ... ஹலோ, அண்ணியா?... நான்தான் அண்ணி, கன்சோல் பேசறேன்... கன்சோல்! கம்ப்யூட்டர் சென்டர்ல, மெஷினோட கன்சோல்ல உக்காந்து உக்காந்தே அந்தப் பேரு வாங்கின ஆளு. உங்க கல்யாணத்துக்கு, வேர்த்துக் கொட்டற வெயில்ல, கம்பளி ஸ்வெட்டரோட வந்து நின்னேனே... ஆமா, ஆமா, அதே லூசுதான். மெஷின் ரூம் குளிர்லேருந்து அப்படியே ஓடி வந்தேன், கழட்ட மறந்துட்டேன்.

நல்லா இருக்கேன். நீங்க?... சரி... சரி... முழங்காலா?... ஆமா, ஆமா, எண்ணெய் தடவினா கேக்காது... அண்ணி, குறுக்க பேசறேன்னு நெனக்காதீங்க, தலைபோற அவசரம். விசிலண்ணே இருக்காரா?... கோவமா இருக்காரா? யார் மேல?... பல்லு மேலயா!... ஓ, புது செட்டு கட்டியிருக்காரா. சரி, கோவத்தோடயே வரச் சொல்லுங்க... ஐயோ, செல்லுல வேணாம்! செல்ஃபோன் விசில இரைச்சல்னு நெனச்சு முழுங்கிடும். இதே வீட்டு ஃபோன்தான் வேணும். அதுக்குத்தான் தேடிப் பிடிச்சு இந்த நம்பருக்குப் போட்டேன்... சொல்றேன், சொல்றேன், முதல்ல அவர இழுத்துட்டு வாங்க.

...

அண்ணே! கன்சோல் பேசறேன்... இருங்க, இருங்க, திட்டறத அப்புறம் வச்சுக்கலாம். நம்ம மெஷின் ஓடுது அண்ணே!... அதேதான். அலமாரி அலமாரியா ரூம் முழுக்க நிக்குமே, அதே. ரிட்டயர் ஆன நாங்க நாலஞ்சு பேர் சேர்ந்து தட்டிக் கொட்டி எழுப்பிட்டோம்... ஏன் கூப்பிடல? கூப்பிட்டேனே! நீங்கதான் 'பழைய காதலிய கெழவியா பார்க்க வேணாம்'னு பெருமூச்சு விட்டீங்க... ஓ, அண்ணி பக்கத்துலயே நிக்கறாங்களா. சரி, அந்தப் பேச்ச விடுங்க.

விஷயத்தக் கேளுங்க. இந்தக் கட்டடத்த ஒரு கம்பெனி வாங்கிடுச்சு. அங்கேருந்து ஒரு மேடம் வந்திருக்காங்க. மெஷின் நெஜமா வேலை செஞ்சா முன்ஹால்ல காட்சிக்கு வைப்பாங்களாம். இல்லன்னா இன்னிக்கே எடைக்கு. பழைய இரும்பு லாரி கேட்டுல நிக்குது அண்ணே! டிரைவர் உள்ள வந்து, நம்ம மெஷின சுத்திக் கயிற வச்சு அளந்து பார்த்துட்டுப் போறான்.

...

காட்டினேனே! விளக்கெல்லாம் மினுக்கிக் காட்டினேன். 'எங்க வீட்டு வாசல்லயும்தான் மினுக்குது'ங்கறாங்க... கன்சோல்லயும் அடிச்சுக் காட்டினேன். 'நீங்களே அடிக்கிறீங்க, நீங்களே படிக்கிறீங்க, இது டைப்ரைட்டர்தானே'ங்கறாங்க. வெளியிலேருந்து ஒரு ஆள் கூப்பிடணுமாம், மெஷின் பதில் சொல்லணுமாம்.

மெஷின்கிட்ட தட்டிப் பேசற டெர்மினலா? எல்லாத்தோட ஒயரையும் எலி தின்னு ஏப்பம் விட்டுடுச்சு. மிச்சம் இருக்கறது அந்த ஃபோன் பெட்டி மட்டும்தான்... ஆமா, ஆமா, ரெண்டு ரப்பர் கிண்ணம் வச்சது. ரிசீவர குப்புறப் படுக்க வைப்போமே... அதேதான்! கிளை ஆபீஸ்லேருந்து நீங்க ஃபோன் போடுவீங்க, மெஷின் ஒரு கூவு கூவும், உங்க டெர்மினல் பதிலுக்குக் கூவும், கதவு தொறந்துக்கும். ஒரு நாள் உங்க டெர்மினல் படுத்துக்கிச்சுன்னு நீங்களே வாயால விசிலடிச்சீங்க பாருங்க! மெஷின் நம்பிடுச்சே! 'மூணாம் லைன்ல ஆள் வந்திருக்கு'ன்னு என் கன்சோல்ல அடிச்சுதே!

இப்ப அதைத்தான் கேக்கறேன். ஒரே ஒரு விசில்.

...

செஞ்சு பார்த்தோம் அண்ணே. ஒரு இன்ஜினியர் செல்ஃபோன்ல அந்த சத்தத்தப் போட்டுக் காட்டினார். பெட்டி மதிக்கவே இல்ல. வயசாகி அதோட காது கொஞ்சம் இறங்கிப்போச்சு. நீங்கன்னா மேல கீழ தேடி, அது கேக்கற எடத்தப் பிடிச்சுடுவீங்க... சரி, அடிங்க, நான் கேக்கறேன்.

... என்ன இது?

அண்ணே, காத்துதான் வருது. பஞ்சரான டயர் மாதிரி... கோவப்படாதீங்க... பல்லக் கழட்டிட்டு அடிச்சுப் பாருங்களேன்... ம்... ம்... இது அதைவிட மோசம். மாட்டிடுங்க.

ஒரு நிமிஷம் மேடம்! லைன்லதான் இருக்கார்! தொண்டையைச் சரி பண்ணிக்கறார்!... டீ குடிங்க, சூடா இருக்கும்...

அண்ணே, அழுதுடுவேன் போல இருக்கு. இரும்புக்காக இல்ல அண்ணே. அந்த மெஷின்கிட்ட எல்லாரும் கைக்குழந்தைங்களா இருந்தோமே! ஒரு அம்மா ஊர்ப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு வாய், ஒரு வாயா ஊட்டற மாதிரி, எத்தனை பேருக்கு ஒரே நேரத்துல வேலை செஞ்சுது! ஒவ்வொருத்தருக்கும் அது தனக்கு மட்டும்தான்னு நெனப்பு. எவனாவது பெரிய வேலையா தூக்கிப் போட்டா மொத்த ஊரும் நின்னுடும். டெர்மினல் மேல தலை தலையா எழும்பும், 'யார்ரா அது'ன்னு. போடறது எப்பவும் நீங்கதான். எழும்பித் தேடற முதல் தலையும் உங்களதுதான்... ஆமா, கிளை ஆபீஸுக்குப் போனப்புறமும் அப்படியேதான் பண்ணுவீங்களாமே! பியூன் சொல்லிட்டார்.

...

அண்ணே, இருங்க. அது என்ன சத்தம்?... இப்ப, உங்க பின்னாடி. ஒரு விசில் கேட்டுதே. சுத்தமா, வழுக்கிக்கிட்டு வந்துதே... அடுப்புல ஏதாவது வச்சிருக்கீங்களா?... யாரு?... அண்ணியா!

கொடுங்க, கொடுங்க, ஃபோன அவங்ககிட்ட கொடுங்க!

அண்ணி! இது எப்போ கத்துக்கிட்டீங்க?... ஓ... ஓ... தினமும் வேலை முடிஞ்சு வந்து கேட்டுல நின்னு அந்த விசில அடிப்பாரா?... நீங்க உள்ளேருந்து பதிலுக்கு அடிப்பீங்களா? அப்புறம்தான் கதவத் தொறப்பீங்களா?... இத்தனை வருஷமாவா!... ஐயோ அண்ணி, உங்க வீட்டுல நடந்ததும் அதேதான். அவர் வீட்டுக்கு வரல, லாகின் பண்ணியிருக்கார்!

சரி, கவனமா கேளுங்க. நான் ரிசீவர ரப்பர் கிண்ணத்துல வைக்கப்போறேன். மெஷின் ஒரு கூவு கூவும். அது மெஷின் இல்ல, உங்க வீட்டுக்காரர் கேட்டுல நிக்கறார்னு நெனச்சுக்குங்க. எப்பவும் போல பதில் கொடுங்க. விட்டுடாதீங்க, இழுத்துப் பிடிங்க. முக்கியமா, அவர சிரிக்க விடாதீங்க! அந்தக் காலத்துல அவர் சிரிச்சா, அந்த சிரிப்பு ஃபோன் வழியா வந்து எழுத்தா விழும். நான் இங்கேருந்து 'சிரிக்காதீங்க, சிரிக்காதீங்க'ன்னு அடிச்சு அனுப்பியே விரல் தேஞ்சுது... சரியா? வைக்கறேன்.

........

........

மேடம்! பாருங்க! பாருங்க, தானா அடிக்குது! நான் கையை மடியில வச்சிருக்கேன், பார்த்துக்குங்க!

........

ஹலோ! அண்ணி! வந்துடுச்சு! 'மூணாம் லைன்ல ஆள் வந்திருக்கு, பேர் என்ன'ன்னு கேட்டுடுச்சு! அண்ணி, நீங்க தெய்வம்!... ஆமா, ஆமா... இருங்க, நடுவுல யாரு சிரிச்சது?... பொய் சொல்லாதீங்க அண்ணி, பேப்பர்ல விழுந்திருக்கு. க்யூ, க்யூ, எக்ஸ், கேள்விக்குறி, கேள்விக்குறி, க்யூ. அது அவரோட சிரிப்பு! எத்தனை வருஷம் படிச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா! அண்ணே, கேக்குதா? பல்லு மாறியும் உங்க எழுத்து மாறல... மெஷினா? சிரிப்பையே பேர்னு எடுத்துக்கிட்டு 'இந்தப் பேர்ல யாரும் இல்ல'ன்னு பழைய பதிலையே சொல்லிடுச்சு.

என்ன மேடம்?... இது... இது ஒருத்தரோட சிரிப்பு மேடம்... நெஜமாத்தான்... சரி... சரி, சொல்றேன்.

அண்ணே, மேடம் நம்பல. தானா ஏதோ கிறுக்குதுங்கறாங்க. இன்னொரு தரம் சிரிக்கணுமாம். அதே எழுத்து விழுந்தா லாரிய அனுப்பிடறாங்களாம்... என்னது, வரலையா? வேணாம் வேணாம்னு நான் கெஞ்சினப்ப எல்லாம் வந்துதே!... 'ஹா ஹா'ன்னு படிக்காதீங்க, அது சிரிப்பே இல்ல. அண்ணி, கிச்சுகிச்சு மூட்டுங்க... முழங்கால் குனிய விடலையா...

சரி அண்ணே. கணக்குப் பிரிவுத் தலைவர் ஞாபகம் இருக்கா? தொப்பையும் டையுமா... ஆங், அவரேதான். ஒரு நாள் கிண்ணத்துலேருந்து ரிசீவர எடுத்துக் காதுல வச்சுட்டு, மெஷின் கூவறதக் கேட்டு, 'அம்மா, அழாதீங்க, நிதானமா சொல்லுங்க'ன்னு ஆறுதல் சொன்னாரே... இருங்க, இன்னும் இருக்கு. 'நான்தான் கணக்குப் பிரிவுத் தலைவர் பேசறேன்'னு கனமா சொல்லிட்டு ரிசீவரத் திருப்பி வச்சார். மெஷின் என்ன அடிச்சுது? 'இந்தப் பேர்ல யாரும் இல்ல'... நேரா எம்.டி. ரூமுக்குப் போய் டையக் கழட்டி மேசை மேல வச்சுட்டு, 'என்னைய வேலைய விட்டுத் தூக்கினத நீங்க நேர்லயே சொல்லியிருக்கலாம் சார், அழற பொண்ண விட்டு...'

ஆங்! வந்துடுச்சு! அதுதான், அதுதான்! அண்ணி, விசில்! பிடிங்க! அண்ணே, அடக்காதீங்க. ஆயுசுக்கும் சேர்த்து இப்ப சொல்றேன், சிரிங்க அண்ணே, நல்லா சிரிங்க! வைக்கறேன்!

........

........

க்யூ... க்யூ... எக்ஸ்... மேடம், மிச்சத்த நீங்களே படிங்க.

ஏம்ப்பா டிரைவர், அந்தக் கயிற சுருட்டிக்கோ.

ஹலோ... அண்ணே?... ஹலோ?... பாருங்களேன், சிரிச்சுக்கிட்டே வச்சுட்டார்.